ஏலக்காய் ஸ்டோர் அறிவை வரைபடமாக்குவது எப்படி?

கேள்வி: குமுளியில் ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில், உள்ள அறிவைத் தொகுப்பதுதான் என் ஆய்வு. தரவு வரைபடத்தில் தோட்டம், காய், தட்டு எல்லாம் பெட்டிகளாகிவிட்டன. ஆனால் எங்கள் ஸ்டோர் பெரியவர் காயைக் குலுக்கிச் சத்தம் கேட்டுத்தான் சூட்டைக் குறைக்கச் சொல்கிறார். அது எந்தப் பெட்டி?

பதில்: பெட்டி வேண்டாம். 1976-இல் கணினி அறிஞர் பீட்டர் சென் முன்வைத்த பொருள்-உறவு (ER) மாதிரியில், பெட்டிகளை இணைக்கும் உறவுக்கும் பண்புகள், அதாவது விவரங்கள், உண்டு. பெரியவரையும் காயையும் 'சோதித்தார்' என்ற உறவால் இணைத்து நேரம், சத்தம், முடிவு மூன்றையும் அதில் சேருங்கள்.

இன்னொருவர் பதில்: ஒரே சரக்கை நாலு தடவை குலுக்குவாரே, அண்ணா? உறவாக வைத்தால் அவரையும் அந்தச் சரக்கையும் ஒரு முறைதான் இணைக்க முடியும். அப்போது சோதனையே தனிப் பெட்டியாக வேண்டும்.

கேட்டவர்: நேற்று ராத்திரி கூடவே உட்கார்ந்து எண்ணினேன், ஏழு தடவை! சரி, தனியாக்குகிறேன். அப்புறம், சத்தத்தை அவர் தமிழில் 'கலகல' என்கிறார், மலையாளத்தில் 'கிலுக்கம்'. இரண்டு சொல்லையும் அப்படியே பதிகிறேன்.