எலும்பைப் பார்த்தே வயது சொல்வது நிஜமா, சீரியல் புருடாவா?

இரவுப்பறவை:
நேற்று ஒரு கிரைம் சீரியலில், காட்டில் கிடந்த எலும்புக்கூட்டைக் குனிந்து பார்த்த அம்மணி ஒரே மூச்சில் "பெண், வயது 34, இடதுகைப் பழக்கம்" என்று சொல்லிவிட்டார். என் தம்பி வாயைப் பிளந்துவிட்டான், எனக்கு நம்பிக்கை வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நூறு ரூபாய் பந்தயம்.

கத்தரிவெயில்:
பந்தயத்தில் பாதி உங்களுக்கு, பாதி தம்பிக்கு. வயதுக்கு வந்தவரின் இடுப்பெலும்பு முழுசாகக் கிடைத்தால் ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லலாம், பெண்ணுக்கு அது அகலம். மண்டை ஓடு மட்டும் என்றால் சந்தேகம் கூடும். சின்னப் பிள்ளை எலும்பு என்றால் கஷ்டம்தான். வயது அதற்கு நேர் எதிர். குழந்தைக்குப் பல்லை வைத்தே நெருங்கிவிடலாம், வாலிபத்தில் எலும்பு முனைகள் நடுத்தண்டோடு ஒட்டும் வரிசை இருக்கிறது, காறை எலும்பின் (கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு) மார்புப் பக்க முனை கடைசியில், 20களின் பின்பாதியில் ஒட்டும். அப்புறம் தேய்மானம்தான் கணக்கு, அதை வைத்து "35லிருந்து 50க்குள்" என்கிற மாதிரிதான் சொல்ல முடியும். சுளையாக 34 என்றால் அது திரைக்கதை. இடதுகையும் அப்படித்தான்.

மதுரைவாசகன்:
நல்ல உதாரணம் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்ட். 1485இல் பாஸ்வொர்த் சண்டையில் செத்தவர், 2012இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது கிடைத்தார், பாதம் இரண்டும் இல்லாமல். ஆண், ஆனால் பெண்ணைப் போல மெல்லிய உடல்வாகு, வயது 20களின் கடைசியிலிருந்து 30களின் கடைசிக்குள் என்றார்கள். சாகும்போது அவருக்கு 32. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது, நாடகங்களில் காட்டும் கூன் இல்லை, ஒரு தோள் கொஞ்சம் உயர்ந்து தெரிந்திருக்கும், அவ்வளவுதான். 11 காயங்களில் 9 மண்டையில், அதாவது தலைக்கவசம் அப்போது தலையில் இல்லை. இடுப்பில் பின்னாலிருந்து குத்திய காயம் ஒன்று உண்டு, கவசம் இருந்திருந்தால் அங்கே கத்தி போக வழியில்லை, அதனால் செத்தபிறகு கவசத்தை உருவிவிட்டு யாரோ அவமானப்படுத்தக் குத்தியிருக்கலாம் என்கிறார்கள். படித்தபோது வயிற்றை என்னவோ செய்தது.

இதில் வேடிக்கை மீன். கார்பன் டேட்டிங் (எலும்பில் உள்ள கார்பனை வைத்துக் காலம் கணிப்பது) முதலில் சண்டைக்குப் பல பத்து வருஷம் முந்திய காலத்தைக் காட்டியது, கடல் மீன் நிறையத் தின்றவர் எலும்பில் பழைய கார்பன் சேர்ந்துவிடுமாம், அதைக் கழித்துப் பார்த்ததும் 1475க்கும் 1530க்கும் நடுவே வந்து நின்றது. விலா எலும்பு சீக்கிரம் புதுப்பித்துக்கொள்ளும், தொடையெலும்பு மெதுவாக. இரண்டையும் ஒப்பிட்டு, கடைசி சில வருஷங்களில் மனிதருக்குச் சாப்பாடும் ஒயினும் தூக்கலாக இருந்ததைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சும்மா_ஒருத்தன்:
அதெல்லாம் சரி, கடைசியில் ஆளை உறுதிசெய்தது டிஎன்ஏ தானே? எலும்பு பார்ப்பவர்கள் எதற்கு?

கத்தரிவெயில்:
டிஎன்ஏவை யாரோடு ஒப்பிடுவீர்கள்? அங்கே ரிச்சர்டைத் தேடித்தான் தோண்டினார்கள், அவர் அக்காவின் பெண்வழி வாரிசுகள் கிடைத்தார்கள், தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பொருந்தியது. ஆண்வழி உறவினர்களோடு, தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை, இத்தனை தலைமுறையில் எங்கோ தகப்பன் மாறியிருக்கிறார்! காட்டில் கிடக்கும் அநாமதேய எலும்புக்கு யார் சொந்தம்? ஆணா பெண்ணா, ஏறக்குறைய எத்தனை வயது, எத்தனை உயரம், பழைய எலும்பு முறிவு உண்டா என்று பார்த்தால்தான் காணாமல்போனவர் பட்டியல் சுருங்கும். 1984இல் எலும்பு ஆராய்ந்து ஆளை அடையாளம் காணும் அமெரிக்க நிபுணர் கிளைட் ஸ்னோ அர்ஜென்டினா போய், ராணுவ ஆட்சியில் காணாமல்போனவர்களின் குழிகளை மாணவர்களை வைத்துத் தோண்டியபோது டிஎன்ஏ வசதி ஏது? பல், எக்ஸ்ரே, எலும்பு, இவைதான்.

இரவுப்பறவை:
ஒரே ஒரு கேள்வி. அந்த 11 காயமும் சாகும் நேரத்தில் பட்டது, தோண்டும்போது கடப்பாரை பட்டதில்லை என்று எப்படித் தெரியும்?

கத்தரிவெயில்:
முருங்கைக் கிளையைப் பச்சையாக ஒடித்துப் பாருங்கள், காய்ந்த பிறகு ஒடித்துப் பாருங்கள். உயிருள்ள எலும்பில் ஈரமும் புரதமும் இருப்பதால் வளைந்து, சரிவாகப் பிளக்கும், காய்ந்தது படக்கென்று சொரசொரப்பாக உடையும். நிறமும் காட்டிக்கொடுக்கும், பழைய வெட்டு எலும்போடு சேர்ந்து மண்நிறமாகியிருக்கும், கடப்பாரை பட்ட இடம் உள்ளே வெளுப்பாகத் தெரியும். ஆறத் தொடங்கிய காயம் என்றால் விளிம்பு மழுங்கியிருக்கும், ரிச்சர்டின் அந்த 11இலும் அது இல்லை.