நாடியோடு சேர்ந்து அடிக்கும் காது இரைச்சல்: பட்டவர்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை அக்கா:
வலக்காதில 'உஸ்... உஸ்...' எண்டு விட்டுவிட்டுச் சத்தம். பகலில காலி வீதி வாகன இரைச்சலுக்க தெரியாது, இரவில நித்திரை இல்லை. முதல் பார்த்த டொக்டர் "பழகிக்கொள்ளுங்கோ" எண்டு விட்டமின் குளிசை தந்து அனுப்பிட்டார். பிறகு சனல் பண்ணி (தனியாரில நேரம் பதிஞ்சு) பார்த்த ஈஎன்டி டொக்டர் என்ர நாடியைப் பிடிச்சுக்கொண்டு, சத்தம் கேக்கேக்க மேசையில தட்டச் சொன்னார். ரெண்டும் ஒண்டாப் போச்சு. வலப்பக்கக் கழுத்தை மெல்ல அமத்தினார், சத்தம் நிண்டுட்டுது. "அப்ப இது நாளத்தில, இரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போற குழாயில, வாற சத்தம்" எண்டார்.

காதுக்குப் போன என்னை முதல்ல கண்ணைக் காட்டச் சொன்னார்! தலைக்குள்ள அழுத்தம் கூடினா கண்ணில தெரியுமாம். பார்த்தா கண் நரம்பு வீங்கியிருக்கு. மூளை நாளங்களைக் காட்டுற எம்.ஆர்.வி. ஸ்கேனில, மூளையில இருந்து இரத்தம் வடியிற டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் எண்ட நாளம் ஒடுங்கியிருந்தது. முள்ளந்தண்டில ஊசி போட்டு மூளைநீரின்ர அழுத்தம் பார்த்தவை. பெரியாக்களுக்கு 25 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்கு மேல எண்டா கூடவாம், எனக்கு அதைத் தாண்டிட்டுது. அந்த அழுத்தத்தைக் குறைக்கிற அசெட்டசோலமைட் தந்து, உடம்பு நிறையையும் குறைக்கச் சொன்னவை. அந்தக் குளிசை போட்டா விரல் நுனி கூசும், சோடா குடிச்சா சப்பெண்டு இருக்கும். நிறை இறங்க இறங்கச் சத்தமும் அடங்கிட்டுது. பார்வை பழுதாகினா ஒடுங்கின நாளத்தை விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் பற்றி யோசிப்பம் எண்டவை, அதுக்குத் தேவை வரேல்லை.

கொட்டாஞ்சேனை தங்கச்சி:
எனக்கு அவ்வளவு பெரிய கதை இல்ல அக்கா. பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் குறைஞ்சிருந்திச்சு, அதான் காரணம். இரும்புச்சத்து குளிசையோட சத்தம் போயிட்டு. ஸ்கேனுக்குக் காசு கட்ட முதல் எஃப்.பி.சி. எண்ட இரத்த அணு பரிசோதனையும் தைரொயிட்டும் பாருங்க.

தெஹிவளை:
அப்பாவுடையது வேறு விதம். காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்த டொக்டருக்கும் அந்தச் சத்தம் கேட்டது! அப்படி வெளியே கேட்டால் விடக்கூடாது என்றார். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் எதுவும் பிடிபடவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராமில்தான் பிஸ்டுலா தெரிந்தது: மூளை உறையில் தமனி நேராக நாளத்துக்குள் திறந்திருக்கிறது. இரத்தம் பின்னோக்கி மூளை நாளங்களுக்குள் போனால் மூளையில் இரத்தக்கசிவு வரலாமாம். அதே குழாய் வழியாகப் பசைபோன்ற மருந்தைச் செலுத்தி அடைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

அக்கா சொன்ன கழுத்து அமத்தலை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், முக்கியமாக வயசானவர்களுக்கு. பக்கத்திலேயே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது.