டிம்பர் ஃபிரேம்: ‘மரக்கூடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளைப் பற்றி எழுதும்போது ‘டிம்பர் ஃபிரேம்’, அதாவது தூண்களும் உத்தரங்களும் கோத்து வீட்டைத் தாங்கும் மர அமைப்பு, என்பதற்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு மரவீடு, மரச்சட்ட வீடு, அரைமர வீடு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மரவீடு என்றால் சுவரும் பலகை என்று ஆகிவிடும். சட்டம் என்றதும் சன்னலும் புகைப்படமும்தான் நினைவுக்கு வரும். அரைமரம் என்பது ‘ஹாஃப் டிம்பர்டு’ என்பதன் நேர்பெயர்ப்பு. தமிழில் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

அந்த வீட்டை எது தாங்குகிறது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். கெண்ட்டில் சிடிங்ஸ்டன் அருகே இருந்த பேலீஃப் பண்ணை வீட்டையே எடுத்துக்கொள்வோம். மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டு, அதன் கூடம் 1405க்கும் 1430க்கும் இடையில் எழுந்தது, ஒரு பக்கத்து அறைகள் 1505–1510 வாக்கில் சேர்ந்தவை என்று கணித்திருக்கிறார்கள். 1960களின் இறுதியில் பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. வீட்டை மரம் மரமாகக் கழற்றி, சசெக்ஸில் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பினார்கள்.

கழற்றி மாட்ட முடிந்ததற்குக் காரணம் பழைய தச்சர்களின் முறை. ஈரம் காயாத ஓக் மரத்தைச் செதுக்கி, களத்தில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தக் கழுந்து (துளையில் செருகச் செதுக்கிய மர நுனி) எந்தத் துளைக்கு என்று தெரிய இரண்டிலும் ஒரே ரோமன் எண்ணைக் கீறுவார்கள். பிறகு பிரித்து, வண்டியேற்றி, மனையில் நிறுத்தி, ஓக் முளை அடித்து இறுக்குவார்கள். கூரையின் பாரம் முழுக்க இந்த மரங்கள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. சுவரை எல்லாம் பெயர்த்தெடுத்தாலும் வீடு நிற்கும்.

உடம்பில் எலும்புக்கூடு செய்யும் வேலைதான் இது. அதனால் ‘மரக்கூடு’ என்கிறேன். வீடு, ‘மரக்கூட்டு வீடு’. பறவைக்கூடு நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். எலும்புக்கூடு என்னும்போது யாருக்கும் பறவை நினைவு வருவதில்லையே! ‘கூட்டு’ என்பதில் இணைப்பு என்ற பொருளும் சேர்ந்து ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது ‘வாட்டில் அண்டு டாப்’, அதாவது அந்த மரங்களுக்கு இடையிலுள்ள வெளியை அடைக்கும் சுவர். மேல் உத்தரத்தின் அடிப்பக்கத்தில் துளைகள், கீழ் மரத்தில் ஒரு நீளப் பள்ளம். குச்சியின் தலையைத் துளையில் செருகி, காலைப் பள்ளத்தில் தள்ளி நிறுத்திவிட்டு, ஊடே ஹேசல் கிளைகளைப் பின்னுவார்கள். களிமண், வைக்கோல், மாட்டுச்சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. மண்சுவருக்கும் கூரைக்கும் குறுக்கே வைத்துக் கட்டும் குச்சிக்கு நம்மிடம் வரிச்சு என்ற சொல் இருக்கிறது; ஈழத்து நண்பர்களுக்கு வரிச்சுத்தடி நன்றாகத் தெரியும். ‘வரிச்சு மண்சுவர்’ போதும். ‘படல்’ வேண்டாம், அது தூக்கி வைக்கும் தட்டி.

‘ஓப்பன் ஹால்’ என்பதைத் ‘திறந்த கூடம்’ ஆக்கினால் நம் முற்றம் போல வானம் தெரியும் என்று நினைத்துவிடுவோம். அங்கே கூரை உண்டு, மேலே மாடிதான் இல்லை. தரை நடுவே அடுப்பு எரியும். புகைபோக்கி கிடையாது, கண்ணாடியில்லாத சன்னல் வழியாகவும் கூரை இடுக்குகள் வழியாகவும் புகை போய்ச்சேரும். பின்னாளில் குறுக்கே மாடி போட்ட வீடுகளிலும் பரணில் ஏறிப் பார்த்தால் கைமரங்களில் அந்தக் கரி அப்படியே இருக்கும். பழைய கூடத்துக்கு அதுவே சாட்சி. ‘முகடளாவிய கூடம்’ என்பது என் பரிந்துரை.

அப்புறம், கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருப்பக்கமாக நீண்டிருக்கும் மாடி, அதாவது ‘ஜெட்டி’. ‘நீட்டுமாடி’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் திருப்தியில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் புழங்கும் சொல் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், என்னுடையதை எடுத்துவிடலாம்.