வெல்டிங் இயந்திரத்தின் காந்தப்புலத்தை அளக்க உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோவையில் 14 ஆண்டுகளாக ஸ்பாட் வெல்டிங் (மின்சாரத்தால் தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டவைக்கும் வேலை) செய்துவரும் என் அண்ணனுக்கு, சென்ற மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கிளியோமா என்னும் மூளைக்கட்டி இருப்பது தெரியவந்தது. இயந்திரத்தின் காந்தப்புலம்தான் காரணமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அவசரப்பட்டு யார்மீதும் பழி சுமத்த எனக்கு விருப்பமில்லை.

மின்சாரக் கருவிகளைச் சுற்றி உண்டாகும் மிகக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002இல் 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற நிலையில் வைத்தது. ஆனால் அதற்கு அடிப்படை குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஆய்வுகளே. ஏழு நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளியான இன்டர்ஆக் (INTEROCC) ஆய்வு, பணிக்காலம் முழுவதும் சேர்ந்த காந்தப்புலத் தாக்கத்துக்கும் கிளியோமாவுக்கும் தொடர்பு காணவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய 1 முதல் 4 ஆண்டுகளில் ஏற்பட்ட தாக்கத்தோடு மட்டும் தொடர்பு தென்பட்டதாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

வெல்டிங் கன்னின் கனத்த கேபிள் அண்ணனின் தோளை ஒட்டியே செல்லும். தூரம் கூடக்கூடப் புலம் விரைவாகக் குறையும் என்பதால், தலையருகே எவ்வளவு இருந்தது என்பதே முக்கியம். தொழிலாளர்களுக்கு 50 ஹெர்ட்ஸில் (நம் மின்சாரத்தின் அதிர்வெண்) 1000 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) என்ற சர்வதேச வரம்புப் பரிந்துரை உண்டு என்றாலும், அது நரம்புகளில் உடனடியாக ஏற்படும் விளைவுகளைத் தடுப்பதற்கானதே தவிர புற்றுநோயைக் கருதி வகுத்ததன்று.

கோவைப் பகுதியில் காஸ்மீட்டர் (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) கொண்டு முறையாக அளந்து அறிக்கை தருபவர்கள் யாரேனும் உண்டா? மருத்துவரிடம் அவருடைய பணி விவரங்களை எந்த வடிவில் எழுதிக் கொடுக்க வேண்டும்? தொழில்சார் மருத்துவம் அறிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். அதே இயந்திரத்தில் இன்னும் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.