சீனம் படிப்பவரை வைத்து ஜப்பான் வண்டி ஏலச் சீட்டைப் படிக்கலாமா?

மொகுல் தெரு
ரங்கூனில் பழைய வண்டியும் பாகங்களும் விற்கிற கடை. வண்டிக்கு வரும் ஏலச் சீட்டு (ஏலத்தில் பரிசோதகர் வண்டியின் நிலையை எழுதித் தரும் தாள்) ஜப்பானியத்தில் இருக்கும்; சீன எல்லை ஊரான மூசே வழியாக வரும் பாகங்களுக்குப் பில் சீனத்தில். கடையில் சீனம் நன்றாகப் படிக்கிற பையன் இருக்கிறான். "எழுத்து ஒண்ணுதானே, சீட்டையும் அவனே படிக்கட்டும்" என்கிறார் முதலாளி. எவ்வளவு தூரம் நம்பலாம்?

லாத்தா வாசி
அச்சடித்த கட்டங்களுக்கு நம்பலாம், அண்ணே. பழுதுபார்த்த வரலாறு, ஓடிய தூரம் தெரியவில்லை என்பதெல்லாம் சீனம் தெரிந்தவருக்குப் புரியும். பையன் மூசே பக்கம் ஓடும் எளிமையாக்கிய சீன எழுத்து மட்டும் படித்தவன் என்றால், 'வண்டி', 'இல்லை' என்ற இரண்டு எழுத்தின் பழைய வடிவத்தை முதலில் காட்டிவிடுங்கள். ஜப்பானில் பழைய வடிவம்தான் ஓடுகிறது.

ஆபத்து, பரிசோதகர் கையால் எழுதும் குறிப்பில். ஜப்பானியத்தில் 'இல்லை' என்பது வினையின் வாலில் ஹிராகனாவாக (ஜப்பானின் சொந்த ஒலியெழுத்து) ஒட்டிக்கொள்ளும். 'உகோகானாய்' என்றால் அசையாது. சீனம் மட்டும் தெரிந்தவர் கண்ணில் படுவது முதல் எழுத்து: 'அசை'. ஏறி இறங்காத பவர் விண்டோவை நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிடுவார். நேர் எதிர் அர்த்தம்!

இன்னும் இரண்டு:
'ஷிதாமவாரி சாபி' – வண்டியின் அடிப்பாகத்தில் துரு. முதல் இரண்டு எழுத்தைச் சீனத்தில் படித்தால் 'அடுத்த தடவை'. துரு என்ற சொல்லைப் பெரும்பாலும் கத்தகானாவில் (ஜப்பானின் இன்னொரு ஒலியெழுத்து) எழுதுவதால் அது அவருக்குத் தெரியவே தெரியாது.
'கைஸான்' – மீட்டரைத் திருத்தி ஏமாற்றியது. இதில் முதல் எழுத்து மட்டுமே சீன எழுத்து. 'மாற்றம்' என்று படித்துவிட்டுப் போய்விடுவார். மீட்டரை முறையாக மாற்றியதற்கு 'கோகான்' என்று வேறு சொல் உண்டு.

தீலவா ஆபீஸ்
ஆண்டையும் பாருங்கள். சீட்டில் வெறும் '25' என்று இருந்தால் அது பெரும்பாலும் 2025 இல்லை, ஹெய்செய் 25. ஜப்பானில் பேரரசர் மாறினால் ஆண்டுக் கணக்கும் புதுப் பெயரில் தொடங்கும்; ஹெய்செய் முந்தையது, ரெய்வா அதற்கு அடுத்தது. 1988-ஐக் கூட்டினால் 2013. ரெய்வா ஆண்டு என்றால் 2018-ஐக் கூட்ட வேண்டும். 2019-இல் ஏப்ரல் 30 வரை ஹெய்செய் 31, மே 1 முதல் ரெய்வா 1. இதுவும் முதல் பதிவு ஆண்டுதான். தயாரித்த ஆண்டைச் சேஸி நம்பரை வைத்துத்தான் பார்க்கணும்.

அந்தப் 'பதிவு', ஜப்பானியத்தில் 'தோரோகு'. அதே இரண்டு எழுத்து இன்றைய சீனக் கம்ப்யூட்டரில் 'லாகின்'. 'கெய்ரி' கணக்குப் பிரிவு, சீனத்தில் அதே எழுத்துக்கு மேனேஜர் (ஜிங்லி). விசிட்டிங் கார்டில் இது மாறினால் கணக்கரிடம் போய் விலை பேசிக்கொண்டிருப்பீர்கள். 'கிஷா' ஜப்பானில் நீராவி ரயில், சீனாவில் கார்.

பணம் போகிற இடம் தள்ளுபடி. சீனப் பில்லில் '7 ஜெ' என்றால் நூற்றுக்கு 70 கட்ட வேண்டும். ஜப்பானில் '7 வாரிபிகி' என்றால் 70 கழியும், கட்டுவது 30. லட்சத்துக்கு நாற்பதாயிரம் வித்தியாசம்.

மொகுல் தெரு
அப்படியானால் பையனுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

லாத்தா வாசி
கத்தகானா. அடிப்படை எழுத்து 46தான். பாகங்களின் பெயர் பாதிக்கு மேல் அதில் எழுதிய இங்கிலீஷ்: 'புரேக்கி' பிரேக், 'பன்பா' பம்பர். 'ஹண்டோரு' மட்டும் கைப்பிடி இல்லை, ஸ்டீயரிங். அடுத்து ஹிராகனாவில் 'நாய்', 'நாஷி' என்ற இரண்டு வாலையும் பார்த்ததும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் 'இல்லை'தான்.

தீலவா ஆபீஸ்
போன் மொழிபெயர்ப்பில் மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள், ஜப்பானியம் என்று நீங்களே வையுங்கள். ஹிராகனா, கத்தகானா இல்லாத வரியை அது சீனம் என்று எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துக் குறிப்புக்கு ஆப் சரிப்படாது. பணம் அனுப்புமுன் ஏஜெண்டிடம் வரிக்கு வரி அர்த்தம் எழுதி வாங்குங்கள்.