புதுப்பிப்பு: மூச்சுக்குழாய் விரிவு நோயில் நெபுலைசர் வரிசை, மலைக்குளிர்

பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய் விரிவு நோய்) உள்ளவர்களுக்கு விரிந்த குழாய்களில் சளி தேங்கித் தொற்று வரும், அதனால் தினமும் அதை வெளியேற்ற வேண்டும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தோம். குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து அதிகம் வந்த கேள்வி: நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் கருவி) எந்த மருந்து முதலில்?

மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால்தான். 10–15 நிமிடம் கழித்து, மருத்துவர் எழுதியிருந்தால், 3% உப்புநீர் 4 மி.லி. உப்புநீர் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அதனால் முதல் முறை மருத்துவமனையில் வைத்தே கொடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து மூச்சுப் பயிற்சி: நிதானமாகச் சில மூச்சு, 3–4 ஆழ்ந்த மூச்சு, மறுபடி நிதானம், பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று 1–2 முறை. மூச்சுமுட்ட இருமினால் குழாய் அமுங்கி, சளி உள்ளேயே தங்கிவிடும். ஆன்டிபயாடிக் நெபுலைசர் இருந்தால் சளி வெளியேறிய பிறகே. சளிமேல் படியும் மருந்து வீண்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே ரத்த ஆக்சிஜன் அளவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். விரல் சில்லிட்டிருந்தால், விரலில் மாட்டி அதை அளக்கும் கருவி (பல்ஸ் ஆக்சிமீட்டர்) தவறாகவும் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளின் எண்ணைக் குறித்து வைத்து அதோடு ஒப்பிடுங்கள். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

சளி கூடி, கெட்டியாகி, நிறம் மாறினால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சளி மாதிரி கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் 14 நாள் மருந்து. தேறியதும் பாதியில் நிறுத்தாதீர்கள். இருமலில் ரத்தம் வாய் நிறைய வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.