அம்மா ஏலத்துக்குப் போனா பிள்ளை வீணாப்போயிடுமா?

நெத்திலி94 (காசிமேடு):
எங்க பாப்பாவுக்கு ஏழு மாசம். பாரிமுனையில ஒரு கிளியரிங் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன். 26 வாரம் லீவு முடிஞ்சு போன திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்குப் போறேன். பகல்ல எங்கம்மா, அதாவது பாப்பாவோட ஆயா, பாத்துக்குறாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரோட பெரியம்மா வந்தாங்க. தூளியில கெடந்த குழந்தையைப் பாத்துட்டு, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. நீ இல்லாத வூட்ல இது யாரைப் பாத்து வளரும்?"னு கேட்டாங்க. போட்டுக் குடுத்த டீயையும் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே ஒரு வீடியோ வேற அனுப்புனாங்க. கோட்டு போட்ட ஒருத்தர், முதல் மூணு வருஷம் அம்மா கூடவே இல்லாத குழந்தைக்கு மூளை வளராதுன்னு சூடம் அடிக்காத குறையா சொல்றாரு.

எங்கம்மா மீன் வித்து எங்க மூணு பேரையும் வளத்தவங்க. விடிகாலை மூணு மணிக்கு ஏலத்துக்குப் போவாங்க. அன்னக்கூடையைத் தூக்கிக்கினு ஷேர் ஆட்டோ ஏறி, பெரம்பூர் பக்கம் தெருத்தெருவா வித்துட்டு வூடு வந்து சேர மதியம் ரெண்டாயிடும். அது வரைக்கும் என்னைப் பாத்துக்கினது எங்க ஆயாவும் எதிர்வூட்டு அத்தையும். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னுதான் இத்தினி நாளா நெனைச்சுக்கினு இருந்தேன். இருக்கா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குவாத்தி (திருவொற்றியூர்):
உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை அம்மா. ஆனால் அந்தப் பெரியம்மாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீடில்லாத குழந்தைகளைப் பற்றி ஆராயச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மருத்துவரைக் கேட்டது. 1951இல் அவர் கொடுத்த அறிக்கை, சோறும் துணியும் போதாது, தாயின் அணைப்பு தொடர்ந்து கிடைக்காத பிள்ளைக்கு மனம் வளராது என்றது. 1958இல் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். கம்பியால் செய்த ஒன்றில் பால் புட்டி இருக்கும். மற்றொன்றில் பால் கிடையாது, மெத்தென்று துணி சுற்றியிருக்கும். குட்டிகள் பாலுக்குக் கம்பியிடம் போய்விட்டு, மீதி நேரமெல்லாம் துணியைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன.

ருமேனியாவின் அனாதை இல்லங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பாடு உண்டு, தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லை. புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். அதற்குப் பிறகு போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. முதல் ஆண்டுகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் அனுபவத்தையும் சொல்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு கணக்கு எடுத்தேன். மதியம் டப்பாவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும், எந்தப் பையன் வீட்டில் அம்மா இருக்கிறார் என்று.

வியாசை_லெஃப்ட்விங் (வியாசர்பாடி):
சார் வணக்கம். டப்பாவா? நானெல்லாம் சத்துணவு சார். தட்டைத் தொறந்தா எல்லாருக்கும் ஒரே சாம்பார்தான். அதை வெச்சு இன்னா கண்டுபுடிச்சிருப்பீங்க?

அந்தக் கொரங்கு கதையைப் பாதியில வுட்டுட்டீங்க. துணிப் பொம்மையைக் கட்டிக்கினு தனியா வளந்த குட்டிங்க பெருசானப்போ மத்த கொரங்குங்களோட சேரத் தெரியாம பேஜாரா போச்சு. அதுங்களுக்கே குட்டி பொறந்தப்போ கிட்ட சேக்கல, அடிச்சுதுங்க. அம்மா இல்லாம, ஆனா மத்த குட்டிங்களோட சேந்து வெளையாண்டு வளந்ததுங்க அதுங்களுக்கு எவ்ளோவோ தேவல. இதையும் அதே ஹார்லோதான் சொன்னாரு.

1998ல ஜூடித் ரிச் ஹாரிஸ்னு ஒரு அம்மா, புள்ளைங்களை வளக்குறது அப்பா அம்மாவை வுட கூட்டாளிங்கதான்னு எழுதி பெரிய சண்டையே ஆச்சு. நான் அதுக்கு எங்க வூட்டையே காட்டுவேன். எங்கம்மா திருவண்ணாமலை பக்கத்துலேர்ந்து கண்ணாலம் கட்டிக்கினு வந்தவங்க. முப்பது வருஷமாச்சு, இன்னும் அவங்க வாயில 'இன்னா'ன்னு வராது. எனக்கு அதான் முதல்ல வந்துச்சு. எங்க இருந்து வந்துச்சு? கிரவுண்டுலேர்ந்து. சாயங்காலம் பசங்களுக்கு ஃபுட்பால் கத்துக் குடுக்குறேன். கூட்டாளி மாறுனா ஆறே மாசத்துல பையன் மாறுறதைக் கண்ணால பாக்குறேன். நல்லதுக்கும் சரி, கஞ்சாவுக்கும் சரி.

கணக்குவாத்தி:
தம்பி, பேச்சு தெருவிலிருந்து வரும். நான் மறுக்கவில்லை. கிரவுண்டில் முட்டியைப் பேர்த்துக்கொண்டு விழுந்தபோது வாயில் என்ன வந்தது?

வியாசை_லெஃப்ட்விங்:
"அய்யோ அம்மா"தான் சார். அது எழுபது வயசு தாத்தாவுக்கும் வருது. 😄

பால்வாடி_டீச்சர் (கொடுங்கையூர்):
ரெண்டு பேரும் குரங்கை விட்டுட்டு என் சென்டருக்கு ஒரு நாள் காலையில ஒன்பது மணிக்கு வாங்க. பதினெட்டு வருஷமா பாக்குறேன். அம்மா விட்டுட்டுப் போகும்போது கத்தி ஊரைக் கூட்டி, அஞ்சு நிமிஷத்துல மூக்கைத் துடைச்சுக்கிட்டு பொம்மையை எடுக்குதே, அந்தக் குழந்தையைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. அம்மா போனாலும் சரி, வந்தாலும் சரின்னு ஒரு பார்வை பாக்கும் சில குழந்தை. வாசல்ல கேஸ் சிலிண்டர் போட வந்தவர் மடியில கூடப் போய் உக்காந்துக்கும். அதைப் பாத்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

இதை அளந்து பாத்தவங்க மேரி ஐன்ஸ்வர்த். பௌல்பியோட வேலை செஞ்சவங்கதான். அம்மா ரெண்டு மூணு நிமிஷம் வெளிய போயிட்டுத் திரும்பும்போது ஒரு வயசுக் குழந்தை என்ன பண்ணுதுன்னு பாக்குற சோதனையைக் கொண்டு வந்தாங்க. அழறதை விட, அம்மா திரும்பினதும் அடங்குதான்னு பாக்கணும். அதுக்கு முன்னாடி 1954, 55ல உகாண்டா கிராமங்கள்ல 26 குடும்பத்தைப் பாத்திருக்காங்க. அங்க அம்மாக்கள் தோட்ட வேலைக்குப் போவாங்க, குழந்தையை நாலு பேர் பாத்துப்பாங்க. நாலு கை மாறுனதால குழந்தையோட ஒட்டுதல் குறைஞ்சதா அவங்க பாக்கல. எந்த அம்மா தன் குழந்தையைப் பத்திக் கேட்டா, எப்போ அழும், எதுக்குச் சிரிக்கும், எப்படித் தூங்கும்னு நுணுக்கமா சொன்னாங்களோ, அந்தக் குழந்தைங்களோட ஒட்டுதல் கெட்டியா இருந்துச்சு.

வாத்தியார் சார், நீங்க சொன்ன அறிக்கையிலயே "அம்மா, அல்லது அம்மா இடத்துல நிலையா இருக்குற ஒருத்தர்"னுதான் இருக்கு. ருமேனியாவுல அந்தக் குழந்தைங்களைத் தேத்தினதும் பெத்தவங்க இல்ல, வளர்ப்புக் குடும்பம்தான். காசிமேட்டு ஆயாவை அனாதை இல்லத்தோட ஒப்பிடலாமா?

கணக்குவாத்தி:
ஒப்பிடவில்லை. ஆனால் உகாண்டா ஆய்வில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது டீச்சர். தாய் தானே எவ்வளவு கவனித்துக்கொண்டார் என்பதோடும் பிள்ளையின் ஒட்டுதல் அங்கே பொருந்தி வந்தது. கை மாறலாம், ஆனால் தாயின் கை எண்ணிக்கைக்காவது இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வரும் வேலைகளைத்தான் நான் சொல்கிறேன். அப்படி வேலை வாங்குகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஐம்பது பேராவது இருந்தால்தான் காப்பகம் வைக்க வேண்டும் என்றது 2017 சட்டத் திருத்தம். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆபீஸில் கைக்குழந்தைக்கு யார் தொட்டில் கட்டுவார்கள்?

நெத்திலி94:
எங்க ஆபீஸ்ல பதினாலு பேர் சார். தொட்டில் இருக்கட்டும், பால் பீய்ச்சி வெக்கக்கூட எடமில்ல. பாத்ரூம்லதான்.

இன்னொண்ணு. இத்தினி பேர் எழுதிட்டீங்க. பாப்பாவோட அப்பா எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. பெரியம்மாவும் கேக்கல. அவர் ஹார்பர்ல ஷிப்ட்டு. ராத்திரி ஷிப்ட்டு முடிச்சுட்டு வந்து குழந்தைக்குக் குளிப்பாட்டி வுடுறதே அவர்தான்.

மூணாவது_சந்து (ராயபுரம்):
நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதறதில்ல. இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

எங்கம்மா வேலைக்கே போனதில்ல. ஒரு நாள் கூட. நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போது வீட்லதான் இருப்பாங்க. ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பாங்க. எனக்கு மேல ஒரு அண்ணன் இருந்து, மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அப்புறம் நான் பொறந்தேன். சாப்பாடு நேரத்துக்கு இருக்கும், டப்பா இருக்கும் (சார், நீங்க என் டப்பாவைத் தொறந்திருந்தா ஏமாந்திருப்பீங்க). நான் வாங்கிட்டு வந்த பரிசைக் காட்டினா, பாப்பாங்க. அவ்வளவுதான். முகத்துல ஒண்ணும் அசையாது. சின்ன வயசுல நான் என்னென்ன சேட்டை பண்ணியிருக்கேன் தெரியுமா, அந்த முகம் ஒரு தடவை என்னைப் பாத்து மாறணும்னு.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பரிசோதனையோட பழைய படத்தைப் பாத்தேன். எட்வர்ட் ட்ரோனிக்னு ஒருத்தர் 1970கள்ல செஞ்சது. கொஞ்சிட்டு இருக்குற அம்மா திடீர்னு ரெண்டு நிமிஷம் முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்கணும். குழந்தை சிரிச்சுப் பாக்குது, கையைக் காட்டுது, கத்துது, கடைசியில திரும்பிக்குது. நான் பாதியில நிறுத்திட்டேன். அம்மா அந்த அறையை விட்டு எங்கயும் போகவே இல்ல.

அம்மா மேல எனக்குக் கோபம் இல்ல இப்போ. அந்த ஜன்னல் பக்கத்துல அவங்களைப் போய் "உனக்கு என்ன"ன்னு கேட்டவங்க யாருமே இல்ல.

ராத்திரி_டூட்டி (தண்டையார்பேட்டை):
சந்து அண்ணா, உங்க கடைசி வரியைத்தான் நானும் எழுத வந்தேன். பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். குழந்தை எடை எவ்வளவு, தாய்ப்பால் இறங்குதா, தையல் ஆறிச்சா, எல்லாம் கேப்போம். தூக்கம் வருதாம்மா, அழுகை வருதான்னு கேக்க நேரம் கிடையாது. 2002ல வெளியான கோவா ஆய்வுல, பிரசவமாகி ஆறிலிருந்து எட்டு வாரத்துல நூத்துக்கு 23 பேருக்கு மனச்சோர்வு இருந்துச்சு. புருஷன் அடிக்கிற வீடுகள்லயும், பையன் எதிர்பாத்து பொண்ணு பொறந்த வீடுகள்லயும் அதிகம். இதுல அம்மா பக்கத்துல இருந்தா போதும்னு எப்படிச் சொல்றது? இருக்குற அம்மா எந்த நிலையில இருக்காங்கன்னு பாக்க வேணாமா?

சரி பண்ண முடியாததும் இல்ல. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கம் கிராம சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கே பயிற்சி குடுத்து, வீட்டுக்குப் போய் பேச வெச்சாங்க. டாக்டரே இல்லாம. பெரும்பாலான அம்மாக்கள் தேறிட்டாங்க. 2008ல வந்த ஆய்வு. நம்ம ஊர்ல இப்போ 14416ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் பண்ணா தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. படிக்கிறவங்க யாருக்காவது உதவும்.

நெத்திலி, உங்க வீடியோக்காரருக்கு ஒரு பதில். அமெரிக்காவுல 1991லேர்ந்து ஆயிரத்து முந்நூறுக்கு மேல குழந்தைங்களைத் தொடர்ந்து பாத்தாங்க. காப்பகத்துல விட்டதுனால மட்டும் அம்மா ஒட்டுதல் கெடலை. அம்மாவும் குழந்தையோட அழுகையைக் கண்டுக்காம, பாத்துக்குற இடமும் சரியில்லாம, ரெண்டும் சேரும்போதுதான் இடிச்சுது.

வியாசை_லெஃப்ட்விங்:
சந்து அண்ணாத்தே, நான் கூட்டாளி கூட்டாளின்னு அளந்துக்கினு இருந்தேன். இதுக்கு என்னாண்ட பதில் இல்ல. ஒரு நாள் கிரவுண்டாண்ட வாங்க.

நெத்திலி94:
டீச்சர் அந்த உகாண்டா அம்மாங்களைப் பத்திச் சொன்னதுலேர்ந்து ஒண்ணு உறுத்திக்கினே இருந்துச்சு. நேத்து ராத்திரி எங்கம்மாவைக் கேட்டேன்: "நான் ஏழு மாசத்துல எப்டிம்மா இருந்தேன்?"

நான் நெனைச்சது, அவங்களுக்கு இன்னா தெரியும், ஆயாதானே பாத்துக்கினாங்கன்னு. ஒரு மணி நேரம் பேசுனாங்க. எனக்கு எடது பக்கம் தோள்ல போட்டாத்தான் தூக்கம் வருமாம். காக்கா கத்துனா சிரிப்பேனாம், ஆட்டோ ஹாரனுக்கு அழுவேனாம். மீன் கவுச்சியோட குழந்தையைத் தொடக்கூடாதுன்னு ஆயா கண்டிஷன். அதனால மதியம் வந்தா, அம்மா குளிச்சுட்டு வர வரைக்கும் நான் பாத்ரூம் கதவாண்ட தவழ்ந்து வந்து தட்டிக்கினே இருப்பேனாம். ஒரு நாள் தாங்காம குளிக்காமலே தூக்கிட்டாங்க. அன்னிக்குத்தான் நான் அழாம ஒடனே தூங்கினேனாம். அதுலேர்ந்து குளியல் அப்புறம்தான்.

அப்புறம் சொன்னாங்க: "ஏலம் நடந்துகினு இருக்கும், எனக்கு பால் கட்டிக்கும். ஜாக்கெட் நனைஞ்சுடும். அன்னக்கூடையை மாரோட அணைச்சுக்கினு விலை கேப்பேன்." இதை எனக்கு முப்பது வருஷமா சொன்னதில்ல.

இதையும் சொல்லிடுறேன். மீன்பிடித் தடைக்காலத்துல, அப்போ 45 நாள், இப்போ 61, அம்மா பெரும்பாலும் வூட்லதான் இருப்பாங்க. கட்டுமரத்து மீன் கொஞ்சம்தான் வரும், விலை ஏறிடும், அவங்களால எடுக்க முடியாது. தாலியில இருக்குற குண்டுமணித் தங்கமும் அடகுக்கடைக்குப் போயிடும். அந்த நாள்லதான் நாங்க மூணு பேரும் அதிகமா அடி வாங்குனோம். தடை முடிஞ்சு ஏலம் ஆரம்பிச்சா எங்களுக்குத்தான் நிம்மதி.

வாத்தியார் சார், நீங்க சொல்றதுல ஒண்ணு எனக்குப் புரியுது. ஏதோ ஒண்ணு போச்சுதான். ஆனா போனது என்கிட்டேர்ந்து இல்ல சார், அவங்ககிட்டேர்ந்து. நாளைக்கு ஆபீஸ்ல பால் பீய்ச்ச ஒரு ரூம் வேணும்னு மேனேஜர்கிட்ட கேக்கப் போறேன். பழைய ஃபைல் போட்டு வெச்சிருக்குற ரூம் ஒண்ணு இருக்கு.

பெரியம்மா அடுத்த ஞாயிறும் வராங்களாம். சங்கரா கொழம்பு வெக்கச் சொல்லி இப்பவே போன் வந்தாச்சு.

கணக்குவாத்தி:
டப்பாவைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை இல்லை. ரூம் கொடுத்தார்களா என்று எழுதுங்கள் அம்மா.